அடுப்படிக்கு வெளியே அரை மணி நேரம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அப்போது இருந்த டவுன் ஹவுஸ் என்ற வீட்டுக்கு சார்லஸ் டார்வின் குடிபோனது 1842இல். அங்கே அவருடைய காலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விடியும். எழுந்ததும் சின்னதாக ஒரு நடை, ஏழே முக்காலுக்குத் தனியாகச் சிற்றுண்டி, எட்டு முதல் ஒன்பதரை வரை படிப்பறையில் வேலை. தன் வேலைக்கு மிகவும் தோதான பொழுது அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்று அவர் கருதினார். கடிதங்கள்கூட அதற்குப் பிறகுதான். விருந்தினரோடு நெடுநேரம் பேசினால் அவருக்கு உடம்பு படுத்திவிடும்.

கூட்டமும் பேச்சும் களைப்பைத் தருகிற இன்ட்ரோவர்ட்டுகளுக்கு இப்படியொரு காலை ஆடம்பரமல்ல, அன்றைய நாளைத் தாங்குவதற்கான தெம்பு. ஆனால் டார்வின் தம்பதிக்குப் பத்துப் பிள்ளைகள். அத்தனை பேர் நடுவே அவருக்கு அந்த அமைதி கிடைத்ததென்றால், வீட்டுப் பாரத்தை மனைவி எம்மாவும் பணியாட்களும் சுமந்ததால்தான்.

எழுத்தாளர் டோனி மாரிசனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மணமுறிவுக்குப் பின் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டே பதிப்பகத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிடுவதற்கு முன், இருட்டோடு எழுந்து எழுதினார். தூக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவர் தனிமையைப் பெற வேண்டியிருந்தது.

நம் வீடுகளில் காலை ஆறரை மணி எப்படி இருக்கிறது? குக்கர் விசிலோடு டிவியில் ராசிபலன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் காலை வணக்கம். இதற்கிடையே மகன் பேசாமல் காபி குடித்தால், "ஏன்டா உர்ருனு இருக்கே?" என்று கேள்வி வரும். அவனுக்காவது மொட்டை மாடி இருக்கிறது. அதே சுபாவமுள்ள அம்மா எங்கே போவார்? 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

அலாரத்தை ஐந்து மணிக்கு வை, தியானம் செய் என்று அந்த அம்மாவுக்குச் சொல்வது அநியாயம். ஏற்கெனவே எழுந்துவிட்டவர் அவர். அவருக்குத் தேவை வேலையில் பங்கு.

காயை முதல் நாள் இரவே பிள்ளைகள் நறுக்கி வைக்கட்டும். காலைக் காபியும் டிபன் டப்பாவும் கணவர் பொறுப்பு. டிவி ஏழு மணிவரை அணைந்தே இருக்கட்டும். ஆறரை முதல் ஏழு வரையான அந்த அரை மணி நேரத்தில் அம்மா பேப்பர் படிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சும்மாவும் இருக்கலாம். சீருடை எங்கே, சாவி எங்கே என்ற கேள்விகளை அதுவரை யாரும் அவரிடம் கொண்டுபோக வேண்டாம்.