நூலகக் கணக்கும் தோட்டத்துப் பிள்ளையும்

பல்கலைக்கழக நூலகங்கள் வாசகரிடம் வினாத்தாள் தந்து தம் பணியின் தரத்தை அளப்பது இன்று உலக வழக்கம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய லிப்குவால் ஆய்வு, ஒவ்வொரு சேவைக்கும் மூன்று மதிப்பெண் கேட்கிறது: குறைந்தது எவ்வளவு போதும், விரும்புவது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு? முறை நன்று. ஆயினும், 'போதும்' என்பதன் அளவு எல்லார்க்கும் ஒன்றா?

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் எழுந்துள்ளது; அவ்வட்டாரமெங்கும் செம்பனைத் தோட்டங்கள். ஒற்றை அலமாரியையே நூலகமென்று கண்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை, எந்தப் பல்கலைக்கழக நூலகத்துள் நுழைந்தாலும் வியந்தே நிற்கும். 'மிக நிறைவு' என்றே குறிக்கும். எதிர்பார்ப்பின் வறுமையைச் சேவையின் சிறப்பெனக் கணக்கெழுதுவது அறமா? கூச்சத்தால் வாசலையே மிதியாத மாணவரோ அக்கணக்கிலேயே இல்லை!

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள், நூலை வாசகரிடம் சேர்ப்பதையே நூலகரின் கடமையாக்கின. அதே ஆண்டில் மன்னார்குடியில் கனகசபை பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களைத் தேடிச் சென்றது. நூலே ஆளைத் தேடிப் போயிற்று, வினாத்தாள் போகலாகாதா?

ஆகவே, விடுதிக்கும் வகுப்புக்கும் சென்று, வாராதவரைக் கேட்க வேண்டும். 'தேடிக் கிடைக்காதது எது?' என்பதே முதல் வினாவாகட்டும். விடைகளையும் அவற்றால் நேர்ந்த மாற்றங்களையும் நூலக வாசலில் எழுதி வைக்கட்டும். தமிழாசிரியரும் தம் மாணவரைத் துணிந்து குறைசொல்லப் பழக்குவாராக. போதுமென்ற மனம் வாழ்வுக்குப் பொன்னாகலாம். கல்விக்கு அது பூட்டு.