தாத்தாவுக்கு ஏன் தாகமே எடுப்பதில்லை?

மலாயில் 'பத்து' என்றால் கல், 'பாகாட்' என்றால் உளி. சயாம் படையினர் குடிதண்ணீருக்காகப் பாறையைச் செதுக்கிக் கிணறு வெட்டியதால்தான் பத்து பாகாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கல்லும் தண்ணீரும் சேர்ந்த கதை. இந்த வாரம் நாம் பேசப்போவதும் அந்த இரண்டைப் பற்றித்தான். சிறுநீரகக் கல், மலாயில் 'பத்து காராங்'.

கல் என்றதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் நடுவயதுக்காரர்தான் நம் நினைவுக்கு வருவார். உடல் தளர்ந்த எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் அந்தத் துடிப்பு இல்லாமலே போகலாம். சாப்பாடு இறங்காது. லேசாகக் காய்ச்சல் அடிக்கும், குளிரில் உடம்பு நடுங்கும். நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று பேரனைப் பெயர் மாற்றிக் கூப்பிடுவார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். கல் சிறுநீர்க்குழாயை அடைத்து, மேலே தேங்கிய நீரில் கிருமியும் சேர்ந்துவிட்டால், சில மணி நேரத்தில் அது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சலும் திடீர்க் குழப்பமும் சேர்ந்து வந்தால் காலை கிளினிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். பத்து பாகாட்டில் இருப்பவர்கள் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

வயதானவர்களுக்கு ஏன் கல் வருகிறது? வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். நம் ஊர் வெக்கையில் வியர்வையாகப் போகும் நீரை ஈடுகட்ட வேண்டும் என்று உடம்பு கேட்பதே இல்லை. இன்னொரு காரணத்தைப் பெரியவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்: கழிவறைப் பயம். இரவில் எழுந்தால் வழுக்கி விழுவோம், பிள்ளையை எழுப்ப வேண்டும் என்று நினைத்து மாலை நாலு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் வீடுகளில் இதைக் கவனிக்க ஆளும் இருப்பதில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லித் திட்டுவதைவிட, கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கும் சுவரில் ஒரு கைப்பிடியும் போட்டுக் கொடுப்பது அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் சேர்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரில் அமிலம் கூடி, யூரிக் அமிலக் கல் உருவாகும். சிறுநீர்ப் பை மாட்டியவர்களுக்குக் கிருமியால் உண்டாகும் கல் வரலாம்.

பொதுவாக ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்வார்கள். ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான். வாழைத்தண்டுச் சாறு, பூனைமீசைத் தேநீர் கொடுக்க விரும்பினால், அவர் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். பிலிம்பிங் பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடவே கூடாது; விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். பாலையும் தயிரையும் கால்சியம் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். எலுமிச்சைச் சாறு நல்லது, சீனியையும் உப்பையும் அள்ளிப் போடாமல் இருந்தால்.

கடைசியாக ஒரு விஷயம். அடைப்பை நீக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்தால், அதை எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வலி போனதும் தாத்தா மறந்துவிடுவார். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தேதி தெரியாவிட்டால், சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு நாளைக்கே போன் செய்து கேளுங்கள்.