எம்ப்ரஸ் மண்டபத்து மரத்தரை

மே மாதக் கடைசி வந்தால் என் மனசு பிளாக்பூலுக்குப் போய்விடும். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கிற ஊர். நேரில் போனதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு அங்கே நடக்கும் நடனப் போட்டியின் காணொளிகளைப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் அங்குள்ள எம்ப்ரஸ் பால்ரூமின் மரத்தரை எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி பழகிவிட்டது.

விண்டர் கார்டன்ஸ் வளாகத்தில் 1896-ல் எழுந்த மண்டபம் அது. தரை மட்டும் சுமார் 12,500 சதுர அடி. நம் கணக்கில் ஐந்து கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். 1920 ஈஸ்டர் வாரத்தில் அங்கே நடன விழா தொடங்கியது. அந்த முதல் வருஷம் போட்டி நடனங்களுக்கிடையேதான்: வால்ட்ஸ், டூ-ஸ்டெப், ஃபாக்ஸ்ட்ராட் என்ற மூன்று தாளங்களில் நல்ல புது நடனம் எது என்று தேடினார்கள். ஜோடிகளுக்கான பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் 1931-ல் வந்தது. லத்தீன் நடனங்கள் நுழைய 1960-கள் ஆகிவிட்டன.

பிளாக்பூல் சீமான்களின் ஊர் அல்ல. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் வருஷத்துக்கு ஒரு வாரம் ஆலைகளை மூடுவார்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி இந்தக் கடற்கரைக்கு வரும். தறி இரைச்சலில் நின்று நின்று ஓய்ந்த கால்கள் இங்கே வந்து ஆடின. இந்தப் போட்டியின் மதிப்புக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தானும் ஆடத் தெரிந்த கூட்டத்தின் முன்னால் ஆடி ஜெயிப்பது லேசான காரியமா? உலகச் சாம்பியன் பட்டம் வேறு இடங்களில் தருகிறார்கள்; இங்கே கிடைப்பது வெறும் ‘பிரிட்டிஷ் ஓப்பன்’. ஆனாலும் ஆடுகிறவர்கள் ‘பிளாக்பூல்’ என்று சொல்லும்போது குரலே மாறுகிறது. பில் - பாபி இர்வின், டானி பர்ன்ஸ் - கேய்னர் ஃபேர்வெதர் என்று உலகப் பட்டங்களைக் குவித்த ஜோடிகளும் இந்தத் தரையில் ஜெயித்துக் காட்டியவர்கள்தான்.

இசை, மேடையில் அமர்ந்த குழுவின் நேரடி வாசிப்பு. அடுத்து வருவது வால்ட்ஸா டாங்கோவா என்பது தெரியும். எந்த மெட்டு என்பது தெரியாது. காலணியின் மெல்லிய தோல் அடிப்பாகத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஆணின் கோட்டு முதுகில் எண் குத்தியிருக்கும். மெட்டு தொடங்கியும் சில ஜோடிகள் அசைவதில்லை. காதைக் கொடுத்து நிற்கிறார்கள். பிறகு அவன் மூச்சை இழுக்கிறான். அது அவள் முதுகுக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே கணத்தில் புறப்படுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

2020-ல், விழாவுக்கு நூறு வயது நிறைந்த வருஷத்தில், கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டியது. சொந்த வீட்டுக் கல்யாணம் நின்றுபோன மாதிரி இருந்தது. 2022-ல் விழா திரும்பியபோது நான் முதலில் தேடிப் பார்த்தது இறுதிச் சுற்றை அல்ல, ஆரம்பச் சுற்றை. பேர் தெரியாத ஜோடிகள், தோளோடு தோள் இடிக்காத குறையாக, தரை கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.