சரளி வரிசை வெட்டி வேலையா?

"பாட்டு வாசிக்கத் தெரிஞ்சா போதாதா, எதுக்கு தினமும் சரிகமபதநி?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்பது என் கருத்து.

1994-ல் வந்த 'டூயட்' படத்தில் சாக்ஸபோன் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். பொத்தான் வைத்த கருவியில் கமகம் கொண்டு வருவது கஷ்டம். அவர் கருவியில் மாற்றம் செய்து, வருடக்கணக்காகச் சாதகம் பண்ணிக் கொண்டு வந்தார். 2004-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019-ல் மறைந்தார்.

அமெரிக்க ஜாஸ் மேதை சார்லி பார்க்கர், மூன்று நான்கு வருடம் தினமும் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் பழகியதாக 1954 பேட்டியில் சொன்னார். அவருடைய 'பீபாப்' பாணியைப் பழகுபவர்கள் ஏழு ஸ்வரத்தோடு எட்டாவதாக ஒன்று சேர்த்து ஏறி இறங்குவார்கள். அப்போதுதான் முக்கிய ஸ்வரங்கள் தாளத்தில் சரியாக விழும். மேடையில் கற்பனையாக வாசிக்க இதுதான் அஸ்திவாரம். வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியுமா? அதே மாதிரிதான்.

முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நம்ம நாமக்கல்லுக்கு மார்க்கிலும் பேர் உண்டு. ஆனால் பரீட்சை நெருங்கினால் பாட்டு பீரியடும் கணக்கு பீரியடாகி விடுகிறது. ஆசிரியப் பெருமக்களே, வாரம் ஒரு பீரியடையாவது எங்களுக்கு விட்டுக் கொடுங்கள். நண்பர்களே, கிடைத்த பீரியடை அரட்டையில் விட்டுடாதீங்க!