எலும்புச் சாறும் ஊர்ப் பெயரும்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் அந்த ராமென் கடைக்கு வெளியே வரிசையில் நின்றபோது முதலில் வந்து சேர்ந்தது வாடைதான். பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தால் வருகிற கனத்த வாடை. எனக்கு எங்கள் தெருவில் பன்றி அறுக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையில் வீடு தேடியபோது, முன்பணம் வரை பேசி முடித்த வீட்டுக்காரர் ஒருவர் கடைசியில் "நீங்க அதெல்லாம் சமைப்பீங்களா?" என்று கேட்டார். மறுநாள் அவர் போனை எடுக்கவே இல்லை. இங்கே அதே வாடைக்காக இருபது பேர் மழையில் குடை பிடித்துக் காத்திருந்தார்கள்.

கடை என்றால் ஒரு நீளப் பலகை, பன்னிரண்டு முக்காலி. அவ்வளவுதான். வாசலில் உள்ள இயந்திரத்தில் காசு போட்டு டோக்கன் எடுத்துக்கொண்டு, காலியாகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். என் இடப்பக்கம் டை கட்டிய அலுவலகக்காரர். வலப்பக்கம் தலையில் துண்டு கட்டிய கட்டடத் தொழிலாளி. முழங்கை முழங்கையோடு இடித்தது. பலகையின் மேல் சிவப்பு இஞ்சி ஊறுகாய், எள், பூண்டு, பிறகு ஒரு தண்ணீர் ஜக்கு. அலுவலகக்காரர் ஊற்றிக் குடித்துவிட்டு ஜக்கை என் பக்கம் நகர்த்தினார். நான் ஊற்றிவிட்டுத் தொழிலாளியிடம் நகர்த்தினேன். யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் கை கொஞ்சம் நின்றது. என் தாத்தா டீக்கடையில் சிரட்டையில் குடித்தவர். அப்பாவுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்காக 1927இல் மகாடில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி அண்ணல் நடக்க வேண்டியிருந்த நாடு நம்முடையது.

ராமென் அரண்மனையிலிருந்து இறங்கி வந்த உணவு அல்ல. சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் நூடுல்ஸிலிருந்து வளர்ந்தது. கிண்ணத்தில் சாறு மிச்சமிருக்கும்போது மறுபிடி நூடுல்ஸ் மட்டும் கேட்டு வாங்குகிற பழக்கம் இந்த நகரத்தின் நாகஹாமா மீன் சந்தைப் பக்கம் வேரூன்றியது. சந்தை ஆட்களுக்கு நின்று சாப்பிட நேரமில்லை. அதனால் சீக்கிரம் வேகும்படி நூடுல்ஸையும் மெலிதாக்கினார்கள். நானும் மறுபிடி கேட்டேன். சாறு அப்படி இருந்தது.

அந்தத் திருப்தியில்தான், என்னை அழைத்து வந்த ஆய்வாளர் நண்பரிடம் வாய்விட்டுக் கேட்டேன்: "இந்த ஊரில் புராகுமின் வரலாற்றைப் பார்க்க எங்கே போக வேண்டும்?" அவர் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். தலை நிமிரவில்லை. "வெளியே போய்ப் பேசலாம்" என்றார். அதுவரை சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர்.

புராகுமின் யார்? நிறத்திலோ மொழியிலோ மதத்திலோ மற்ற ஜப்பானியரிடமிருந்து எந்த வேறுபாடும் இல்லாதவர்கள். இவர்களின் முன்னோர் பலர் செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோல் உரித்துப் பதப்படுத்தியவர்கள். ‘மிகுந்த அழுக்கு’ என்று பொருள்படும் எழுத்துகளில் அவர்களுக்குப் பெயர் எழுதினார்கள். 1871இல் அரசாணை அந்தப் பெயரை ஒழித்தது. 1872இல் பேரரசரே மாட்டிறைச்சி உண்பதாகச் செய்தி வந்தது. இறைச்சி நாகரிகமாகிவிட்டது. அறுத்தவர்கள் ஆகவில்லை. 1873இல் இதே ஃபுகுவோகா பகுதியில் மூங்கில் ஈட்டியோடு அரசுக்கு எதிராகக் கிளம்பிய விவசாயிகள், போகிற வழியில் இவர்களின் குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். அதைப் படித்தபோது எனக்கு 2012இன் தருமபுரி நத்தம் காலனி கண்முன் வந்தது.

அடங்கிப் போகவில்லை அவர்கள். 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் ஸுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைக் கட்டினார்கள். அதன் பெருந்தலைவரான மட்சுமோட்டோ ஜியிச்சிரோ ஃபுகுவோகாக்காரர். போருக்குப் பிறகு மேலவையின் துணைத் தலைவரானார். நாடாளுமன்றத்துக்கு வரும் பேரரசருக்கு முதுகு காட்டாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து வணங்கும் வழக்கம் இருந்தது. 1948இல் அவர் அப்படி நகர மறுத்துவிட்டார். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுக்க மறுத்த நம் ஆட்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாம் சப்புக்கொட்டுகிற சாறு எலும்பிலிருந்து வருகிறது. எலும்பு அறுப்புக்கூடத்திலிருந்து வருகிறது. தோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிச் சந்தையில் வேலை செய்பவர்களுக்கு இன்றும் வசைக் கடிதங்கள் வருகின்றன. அந்தக் கடிதங்களையே அங்குள்ள தகவல் அரங்கில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர் எந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் வேலையின் இழிவு அவர்மேல் ஏற்றப்படுகிறது. கிண்ணத்தை வழித்துக் குடிக்கிற வாய்தான் அந்தக் கத்தி பிடித்த கையைப் பற்றி முணுமுணுக்கிறது.

வெளியே வந்து நாகா ஆற்றங்கரையில் நடந்தபோது நண்பர் பேசினார். "உங்கள் ஊரிலும் எல்லாரும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறீர்கள்? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

"எந்த ஊர் என்று கேட்பார்கள்" என்றேன். "ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள்."

"எங்களிடம் அதற்குப் புத்தகமே இருந்தது" என்றார்.

உண்மைதான். புராகு குடியிருப்புகளின் பெயர், இடம் எல்லாம் தொகுத்த பட்டியல்கள் ரகசியமாக விற்கப்பட்டது 1975இல் அம்பலமானது. வாங்கியவை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியை அதில் வைத்துப் பார்த்துக் கழித்துக் கட்டுவதற்காக. கல்யாணத்துக்கு முன் பூர்வீகம் விசாரிக்கத் துப்பறிவாளர்களை அமர்த்திய குடும்பங்களும் உண்டு. 2016இல் புராகு பாகுபாட்டை ஒழிக்கவென்று ஒரு சட்டம் வந்தது. மீறினால் தண்டனை எதுவும் அதில் இல்லை. இணையத்தில் ஊர்ப் பட்டியலை வெளியிட்டவர்களை எதிர்த்த வழக்கில், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை உண்டு என்று 2023இல் தோக்கியோ உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் போய்ப் பெற வேண்டியிருந்த உரிமை அது.

‘இப்பல்லாம் யார் சார் சாதி பார்க்கிறா? எல்லாரும் ஒரே ஓட்டல்லதான சாப்பிடுறோம்’ என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த ஒரே ஓட்டலும் சும்மா வரவில்லை. பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957இல் பெரியார் சென்னையில் போராட வேண்டியிருந்தது. ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே ஜக்கில் குடித்தது எனக்குச் சின்ன விஷயமில்லை. என் தாத்தாவுக்குக் கிடைக்காதது அது. ஆனால் அந்தப் பலகையில் சாதி தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்பது. பெண் கேட்டுப் போகும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு. கேட்காத அதே பலகையில்தான் என் நண்பரால் ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

ரயில் நிலையம் வரை கூட வந்தார். தன் அக்காவுக்குப் பேசி முடித்த கல்யாணம் ஒருமுறை நின்றுபோனது என்றார். ஏன் என்று சொல்லவில்லை. தான் எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.