நாளைக்குத்தான் கடைசி நாளாம்

கழுத்தில் அட்டை மாட்டிய அந்தத் தம்பி என்னை ‘ஆண்டி’ என்று கூப்பிட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் கல்விக் கண்காட்சி. மேசைக்கு மேசை பலூன், துணிப்பை, தண்ணீர் போத்தல். அவருக்குத் தனியார் கல்லூரிக் கவுன்சிலர் என்று பெயர். எனக்கென்னவோ குக்கர் விற்பவர் ஞாபகம்தான் வந்தது. மகளின் எஸ்.பி.எம். தேர்வு முடிவுத் தாளைப் பார்த்தார். “10 பாடத்துல 8 ஏ-வா! இந்தப் பிள்ளைய வீணாக்கிடாதீங்க லா ஆண்டி” என்றார். அன்றிலிருந்து மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

வீணாக்காமல் அவருடைய கல்லூரியில் சேர்க்க ஆகும் செலவு 92,000 வெள்ளி. அடிப்படைக் கல்வி ஓராண்டு, பிசியோதெரப்பி பட்டம் நான்காண்டு. தங்குவது, சாப்பிடுவது எல்லாம் தனி. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். நான் பாலர் பள்ளியில் உதவியாளர். 2025 பிப்ரவரியில் ஏறிய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிதான் எனக்கும். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஒரு காசு தொடாமல் வைத்தால் 54 மாதச் சம்பளம். அதாவது அவள் படிக்கிற ஐந்து வருடத்தில் நாலரை வருடம் நான் பட்டினி கிடந்தால் சரியாகிவிடும்.

“அதுக்குத்தான் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கே” என்கிறார்கள். இருக்கிறது, 1997-லிருந்து இருக்கிறது. வருடத்துக்கு 1 விழுக்காடுதான் சேவைக் கட்டணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அது மூடாது. மிச்சத்துக்கு இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடு, இல்லையா, தாலிக்கொடியைத் தவிர மற்றதை அடகுக்கடைக்கு அனுப்பு. என் அண்ணன் மகன் இப்படித்தான் படித்தான். இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பார்சல் கொடுத்துக்கொண்டே அந்தக் கடனைக் கட்டுகிறான். பட்டமளிப்புப் படம் மட்டும் நடுவீட்டில் பளபளவென்று இருக்கிறது.

அரசாங்கம் மெட்ரிகுலேஷன் புகுமுக வகுப்பில் இடம் கொடுத்திருந்தால் இந்தப் புலம்பலே இல்லை. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராவுக்கு; மிச்சப் பத்தில் சீனர், நாம், எல்லாரும். 10 ஏ எடுத்தால் எந்த இனத்துப் பிள்ளைக்கும் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் சொன்னார். நல்லதுதான். என் மகளுக்கு எட்டு. ரிசல்ட் வந்த அன்று இந்த எட்டுக்குத்தான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். இப்போது அதே எட்டு எனக்கு இரண்டு குறைவாகத் தெரிகிறது. பிள்ளை மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் ஒரு நாள் கோபப்பட்டேன்.

கம்பாரில் யூத்தார் பல்கலைக்கழகம் இருக்கிறதே, வீட்டிலிருந்தே போய் வரலாமே என்றார் ஒருவர். ஆசையாக விசாரித்தால் பிசியோ சுங்கை லோங் வளாகத்தில்தானாம், கம்பாரில் இல்லை. சிலாங்கூரில் வாடகை யார் கொடுப்பது?

மிஞ்சியது ஆறாம் படிவம். ஒன்றரை வருடம், மூன்று பருவம், அரசாங்கப் பள்ளி. செலவென்றால் பஸ்ஸும் புத்தகமும். அதன் முடிவில் கிடைக்கும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்! பிள்ளையை வேலைக்கு அனுப்பப் போகிறேன் என்று சொன்னதுபோல முகம் மாறுகிறது. “பாவம் லா, மறுபடியும் யூனிபாரமா?” என்கிறாள் நாத்தனார். கல்லுமலைக் கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட ஒருத்தி பின்னால் வந்து, “எந்தக் காலேஜ்?” என்று கேட்கிறாள். பேர் சொல்ல ஒரு கல்லூரி வேண்டும் அவர்களுக்கு. கட்டணம் நாங்கள் கட்ட வேண்டும்.

எஸ்.டி.பி.எம். கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நன்றாகச் செய்தாலும் கேட்ட துறையை விட்டுவிட்டுக் கேட்காத துறையைக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. பயத்துக்கு 92,000 வெள்ளி கொடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. கவுன்சிலரிடம் கேட்டேன்: “படிச்சு முடிச்சா என்ன சம்பளம் தம்பி?” அவர் வேலை வாய்ப்பைப் பற்றிச் சொன்னார், ஆய்வுக்கூடத்தைச் சொன்னார், நீச்சல் குளத்தைச் சொன்னார். சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஒரு குடும்பம் வீட்டை விற்று மகனை டாக்டராக்கியது. அந்தப் பையன் 2021 ஜூலை 26-ஆம் தேதி கறுப்பு உடையில் ஒப்பந்த டாக்டர்களோடு மருத்துவமனையை விட்டு வெளியே வந்து நின்றான், நிரந்தர வேலை கேட்டு. டாக்டருக்கே அந்தக் கதி.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நான் பால் மங்கு துடைக்கப் போவேன். மழை பெய்தால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்தக் கூலியிலும் மாதம் 10 வெள்ளி அந்நாள் அமைச்சர் சம்பந்தனாரின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனதாம். 1960-இல் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளிகள் பத்துப் பத்தாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எதில் பணம் போடுகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. படித்த எனக்கு அது தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் லயத்து வீடுகள் போய் இப்போது செம்பனை நிற்கிறது. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மகளையே உட்காரவைத்துக் கேட்டேன். “எனக்கே தெரியலம்மா. அந்த காலேஜ் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா ராத்திரி டிரிப்பும் ஓட்டுவாரா?” என்றாள். இதற்கு மேல் 18 வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது?

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. முன்பதிவுக் கட்டணம் 500 வெள்ளி கட்டினால் 3,000 வெள்ளி தள்ளுபடி, நாளைதான் கடைசி நாள், இடம் ரிசர்வ் பண்ணட்டுமா ஆண்டி. கை நடுங்கியது. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

படித்துப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். “போன வாரமும் நாளைக்குத்தானே கடைசி நாள்னு சொன்னாரு? சோறு போடு.”