அஞ்சு நிமிஷம் தாக்குப்பிடிச்சா ஆச்சா?

தாம்பரம், சேலையூர், வேளச்சேரி பக்கம் ஜியு-ஜிட்சு, ஜூடோன்னு கத்துக்கப் போற நம்ம மக்கள் அடிக்கடி எடுத்து விடற பெருமை ஒண்ணு இருக்கு. "சீனியர் கூட அஞ்சு நிமிஷம் ஸ்பாரிங் மச்சி, அவனால என்னை டேப் பண்ண வைக்கவே முடியல!"

கேட்டா பத்திக்கிட்டு வருது. அந்த அஞ்சு நிமிஷமும் என்ன பண்ணீங்க சாமி? கையை மார்போட ஒட்டி வச்சு, தாடையைக் கழுத்துல புதைச்சு, ஆமை மாதிரி சுருண்டு கெடந்தீங்க. அதுக்கு எதுக்கு மாசாமாசம் ஃபீஸ்? வீட்டுலயே போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கலாமே.

இந்த ஆமை வித்தைக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கார். 1910 செப்டம்பர்ல லண்டன்ல காமா பயில்வானோட மோதின போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ. ஆரம்பத்துலயே கீழ போனவர், இரண்டரை மணி நேரத்துக்கும் மேல பெரும்பாலும் தரையோட தரையா ஒட்டிக் கெடந்தார். முடிவு, டிரா. அடுத்த வாரம் மறுபடி மோதணும்னு ஏற்பாடு, ஆளே வரல. 1928ல பாட்டியாலாவுல திரும்ப மோதினாங்க. காமாவுக்கு ஒரு நிமிஷம்கூட தேவைப்படல.

போட்டியில அது ஒரு தந்திரம், ஒத்துக்கறேன். பயிற்சியில பட்டமும் இல்ல, கோப்பையும் இல்ல. எதைக் காப்பாத்தப் பதுங்கறீங்க?

இன்னொரு கோஷ்டி இதுக்கு நேரெதிர். மணி அடிச்சதும் சாமி வந்த மாதிரி முட்டி மோதுவாங்க. கை பூட்டுல மாட்டினாலும் தட்ட மாட்டாங்க. முழங்கை போச்சுன்னா பல வாரம் வீட்டுலதான். இவங்க முட்டி சீனியர் மூக்குல பட்டா, அடுத்த நாள் அவர் வேற ஆளைத் தேடிப் போயிடுவார். நஷ்டம் யாருக்கு?

ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். சின்ன வயசுலேர்ந்து நமக்கு எல்லாமே பரீட்சை. டேப் பண்ணினா அரியர் விழுந்த மாதிரி மூஞ்சி சுருங்குது. அட, டேப்ங்கறது மார்க் இல்லீங்க! "இங்கதான் ஓட்டை"ன்னு காட்டற விரல்.

"அப்போ சும்மா தோத்துக்கிட்டே இருக்கணுமா?"ன்னு கேப்பீங்க. இல்ல. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கிட்டு உள்ள போங்க. 'இன்னிக்கு பக்கவாட்டுல அமுக்கினா, ஒரு காலையாவது நடுவுல நுழைச்சிடணும்.' அவ்வளவுதான். பத்து தடவை முயற்சி பண்ணி ஒரு தடவை நுழைஞ்சா அதுதான் வெற்றி, அப்புறம் அவர் கழுத்தைப் பிடிச்சாலும் சரி. பூட்டு இறுகறதுக்கு முன்னாடியே தட்டுங்க. முடிஞ்சதும் "எங்கண்ணே விட்டேன்?"னு கேளுங்க. நம்மளவு ஆளுகிட்ட தப்பு பண்ணினா தப்பிச்சிடலாம். கெட்டிக்காரன்கிட்ட அந்த நொடியே தண்டனை. அதுக்காகத்தானே அவர்கிட்ட போறோம்?

1882ல கானோ ஆரம்பிச்ச ஜூடோவுல, புதுசா வர்றவங்களுக்கு முதல்ல கத்துக்குடுக்கறதே அடிபடாம விழறதுக்குத்தான். விழத் தெரியாதவனுக்கு எறியவும் வராது.

அம்புட்டுதான்.